நோன்புக்கு வீடு கழுவுகிறோம், மாரிக்கு?



ஒக்டோபர் பிறந்துவிட்டது. பெரும்போக வெள்ளாமைக்கு வயல்களில் உழவு தொடங்கிவிட்டது. பின்னேரங்களில் மேற்குப் பக்கம் இருட்டிக்கொண்டு இடி கேட்கிறது. இன்னும் சில கிழமைகளில் மாரி வந்து நிற்கும். இந்த நேரத்தில் நம் வீடுகளைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும் என்று நினைக்கிறோம். பதிவு சற்று நீளம். பொறுமையாக வாசியுங்கள். வாசித்த பிறகு வீட்டில் உள்ளவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

கிழக்கில் உள்ள நம் ஊர்களில் வருடத்துக்கு ஒரு தடவை வீடு தலைகீழாகப் புரளும். அது நோன்புக்கு முன். ஷஃபான் பாதி கழிந்ததும் பாயும் தலையணையும் திரைச்சீலையும் வெயிலுக்கு வரும். குசினியில் றாக்கை இறங்கும். சட்டி பானை சாம்பல் போட்டுத் துலக்கப்படும். மதிலுக்குச் சுண்ணாம்பு, முடிந்தவர்களுக்கு பெயின்ட். உம்மாமார் இடுப்பில் சீலையைச் செருகிக்கொண்டு இரண்டு மூன்று நாள் ஓயாமல் நிற்பார்கள். நல்ல பழக்கம். இதைச் சொல்லித் தந்த நம் மூத்தம்மாமாருக்கு அல்லாஹ் அருள் புரியட்டும்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். இந்த வேலை இப்போது எந்த மாதத்தில் நடக்கிறது?

நோன்பு பிறையோடு நடப்பது. ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு நகர்ந்துகொண்டே போகும். மழை பிறையைப் பார்த்து வருவதில்லை. அது ஒவ்வொரு வருடமும் கிட்டத்தட்ட அதே நாட்களில்தான் வருகிறது. கிழக்குக் கரைக்கு வருடம் முழுவதும் கிடைக்கும் மழையில் பெரும்பகுதி நவம்பர் தொடங்கி ஜனவரிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும்.

2003, 2004, 2005ஆம் ஆண்டுகளில் நோன்பு ஒக்டோபர் மாதத்தில் தொடங்கியது. அப்படியென்றால் அந்த வருடங்களில் நோன்புக்கென்று வீட்டைத் துப்புரவு செய்தவர்கள், தெரிந்தோ தெரியாமலோ மாரிக்கும் சேர்த்தே துப்புரவு செய்தார்கள். ஒரே வேலையில் இரண்டு பலன். இப்போது நிலைமை அதுவல்ல. 2025இல் நோன்பு மார்ச்சில் வந்தது. 2026இல் பெப்ரவரியில் வந்தது. அதாவது மழை பெய்து, வெள்ளம் வடிந்து, டெங்குக் காய்ச்சலும் ஒரு சுற்று வந்துபோன பிறகுதான் நாம் தும்புத்தடியைக் கையில் எடுக்கிறோம். நோன்பின் தொடக்கம் மறுபடியும் ஒக்டோபருக்கு வந்துசேர 2036, 2037 ஆகிவிடும். அதுவரை எத்தனை மாரி இருக்கிறது என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்.

ஆகவே நாம் சொல்ல வருவது இதுதான். நோன்புக்கு வீடு கழுவும் பழக்கம் அப்படியே இருக்கட்டும். அதற்கு மேலாக, ஒவ்வொரு வருடமும் ஒக்டோபர் மாதத்தில், மழையைக் கணக்குப் பார்த்து, இன்னொரு தடவை வீட்டைப் புரட்ட வேண்டும். இந்தத் தடவை நோக்கம் கழுவுவது மாத்திரம் இல்லை. வேண்டாத சாமானை வெளியேற்றுவது.

"வீடு நிறையச் சாமான் கிடந்தால் மழைக்கு என்ன?" என்று கேட்கலாம். மூன்று விஷயம் இருக்கிறது.

முதலாவது நுளம்பு. டெங்கு நுளம்பு பெரிய குளத்திலோ கானில் ஓடும் கறுத்த தண்ணீரிலோ பெருகுவது குறைவு. அது தேடுவது வீட்டைச் சுற்றிச் சின்னச் சின்னப் பாத்திரங்களில் தேங்கும் தெளிந்த தண்ணீரை. சிரட்டை, யோகட் கப், பழைய டயர், உடைந்த வாளி, பூச்சாடிக்கு அடியில் உள்ள தட்டு, கோழிக்குத் தண்ணீர் வைக்கும் சட்டி, இலை அடைத்த பீலி, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் தட்டு, கட்டி முடியாமல் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் மேல்மாடிச் சிலப். இவற்றில் பாதிக்கு மேல் நாம் "கிடக்கட்டும்" என்று விட்டுவைத்த சாமான்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. இந்த நுளம்பு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை செத்துப்போகாது. மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும். அடுத்த மழையில் நனைந்ததும் பொரிக்கும். பொரித்து, குடம்பியாகி, பறக்கும் நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் போதும். அப்படியென்றால், போன மாரியில் தண்ணீர் தேங்கிய வாளியைக் கழுவாமல் வளவு மூலையில் போட்டுவைத்திருக்கும் வீட்டில், போன வருடத்து நுளம்பு முட்டையை இந்த வருடத்துக்குப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். பீ.எச்.ஐ. வரும் நாளில் தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டினால் மாத்திரம் போதாது. உட்பக்கத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். தேவையில்லாத பாத்திரமாக இருந்தால் வளவில் இருக்கவே கூடாது.

2017ஆம் ஆண்டை மறந்திருக்க மாட்டோம். நாடு முழுவதும் 186,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது. நானூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்த வருடம் மார்ச் மாதத்தில் நம் கிண்ணியா பட்ட பாடு என்ன? ஆஸ்பத்திரியில் கட்டில் போதவில்லை. பாடசாலைகளை மூட வேண்டி வந்தது. பிள்ளைகளையும் கர்ப்பிணித் தாய்மாரையும் நினைத்து ஊரே கலங்கி நின்றது.

இந்த நுளம்பு அதிக தூரம் பறப்பதில்லை. பிறந்த இடத்தைச் சுற்றிச் சில வளவுகளுக்குள்ளேயேதான் பெரும்பாலும் திரியும். காத்தான்குடியிலும் சாய்ந்தமருதிலும் வளவுக்கும் வளவுக்கும் இடையில் இருப்பது ஒரு மதில். எனவே நம் பிள்ளையைக் கடிக்கும் நுளம்பு நம் வீட்டில் பிறந்திருக்கலாம், அல்லது பக்கத்து வீட்டில் பிறந்திருக்கலாம். நம் வளவில் பிறந்தது அடுத்த வீட்டு மாமியைக் கடிக்கும். "எங்கட வளவு, எங்கட சாமான், உங்களுக்கென்ன?" என்று கேட்க முடியாத விஷயம் இது. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. வளவைத் துப்புரவாக வைத்திருப்பது வளவுக்காரரின் சட்டக் கடமை. அண்டை வீட்டாரின் உரிமை பற்றி மார்க்கம் நமக்கு எவ்வளவு சொல்லித் தந்திருக்கிறது என்று நாம் இங்கே விளக்கத் தேவையில்லை.

இரண்டாவது எலி. மழை தொடங்கினால் வயலிலும் கானிலும் உள்ள எலிக்குக் காய்ந்த இடம் வேண்டும். ஸ்டோர் அறையில் உரப்பை, கார்ட்போர்ட் பெட்டி, பழைய துணி மூட்டை என்று அடுக்கிவைத்திருந்தால் அதற்கு அதைவிட நல்ல வீடு கிடைக்காது. எலிக்காய்ச்சல் பெரும்போகத்தில் வயலுக்குள் இறங்கும் மனிதர்களுக்கு வரும் வருத்தம் என்று மாத்திரம் நினைக்க வேண்டாம். எலி சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் உள்ள புண்ணில் பட்டால் போதும், வளவுக்குள்ளும் வரும். எலி இருக்கும் இடத்தைத் தேடிப் பாம்பு வரும். இரவில் பாயில் படுத்துக் கிடப்பவரைக் கடிக்கும் விரியனைப் பற்றி நாம் கேள்விப்படாதவர்களா? கட்டிலுக்கு அடியில் இருக்கும் மூட்டைகளை இந்த மாதம் இழுத்துப் பார்ப்பது நல்லது.

மூன்றாவது வெள்ளம். 1978 நவம்பர் சூறாவளியைக் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். 2011 ஜனவரி வெள்ளம், 2024 நவம்பர் வெள்ளம், 2025 நவம்பரில் டித்வா புயல் எல்லாம் நம் பிள்ளைகளும் கண்டவை. வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தால் எது போகும்? கீழே இருப்பது போகும். மேலே இருப்பது தப்பும். இப்போது எழும்பிப் போய் உங்கள் அலுமாரியைத் திறந்து பாருங்கள். பல வீடுகளில் மேல் தட்டில் பத்து வருடமாகப் பாவிக்காத தேநீர் செட் பெட்டியோடு இருக்கும். கீழ் லாச்சியில் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், நிக்காஹ் பதிவு, பிள்ளையின் கிளினிக் கொப்பி எல்லாம் ஒரு பொலித்தீன் பேக்குக்குள் திணிக்கப்பட்டிருக்கும். வீடு நெருக்கமாகிவிட்டால் நடப்பது இதுதான். பெறுமதி குறைந்தது உயரத்தில் ஏறிவிடுகிறது. பெறுமதியானதுக்கு மிச்ச இடம்தான் கிடைக்கிறது.

ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் விடுகைப் பத்திரத்தின் பிரதி கேட்டு, பழைய பெறுபேற்றின் பிரதி கேட்டுப் பாடசாலைக்கு வருபவர்களை ஆசிரியர்களாகிய நாங்கள் காண்கிறோம். பிரதேச செயலகத்தில் பிறப்புச் சான்றிதழ் திரும்பவும் எடுக்கலாம். உறுதியின் பிரதியும் அலைந்து திரிந்தால் எடுக்கலாம். ஆனால் ஒரு நாள் சம்பளத்தில் வாழும் வாப்பா எத்தனை நாள் வேலையை விட்டுவிட்டு அலைவார்?

இன்னுமொன்று. க.பொ.த. உயர்தரப் பரீட்சை சில வருடங்களில் நவம்பரில் வந்தது. 2024இலும் 2025இலும் பரீட்சை நடந்துகொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்து, மிச்சப் பாடங்கள் ஒத்திவைக்கப்பட்டன. இரண்டு வருடம் எழுதிய நோட்ஸ் நனைந்து கூழாகிப்போன பிள்ளைக்குப் பரீட்சையை எத்தனை கிழமை ஒத்திவைத்தாலும் என்ன பிரயோசனம்? பரீட்சை எழுதும் பிள்ளை இருக்கும் வீட்டில், அந்தப் பிள்ளையின் கொப்பிகளுக்கு இடுப்பளவுக்கு மேலே ஒரு தட்டு ஒதுக்கிக் கொடுங்கள். இது கட்டாயம்.

சரி, நம் வீடுகள் ஏன் இப்படி நிரம்பிப்போயின?

சாமான் வாங்குவதால் மாத்திரம் இல்லை. கிழக்கில் வீடு பெண்பிள்ளைக்கு என்பது நம் வழக்கம். மகளுக்குக் கலியாணம் முடிந்தால் வீட்டைக் கொடுத்துவிட்டு உம்மாவும் வாப்பாவும் பின் வளவில் சிறிதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு போவார்கள். அவர்களின் சாமானில் பாதி அந்த வீட்டிலேயே கிடக்கும். அதற்கு மேல் மகளின் கலியாணச் சாமான் வரும். ஷோகேஸ், டின்னர் செட், ஒரே மாதிரி நாலு சுவர்க்கடிகாரம், பெட்டி பிரிக்காத ரைஸ் குக்கர். மருமகன் கட்டாரில் இருந்தோ சவூதியில் இருந்தோ அனுப்பும் பெட்டியில் போர்வை வரும். நம் வெக்கைக்கு அந்தப் போர்வையை யார் போர்த்துவது? ஆனாலும் கொடுக்க மனம் வராது. மகன் அனுப்பியது, மாமி தந்தது, மூத்தம்மா பாவித்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும்.

மூத்தம்மாவின் ஒரு வட்டாவையோ ஒரு சஹனையோ ஞாபகத்துக்கு வைத்துக்கொள்வதில் பிழை இல்லை. வைத்துக்கொள்ளுங்கள், துலக்கி வையுங்கள், பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நாம் பேசுவது யாருக்கும் ஞாபகமே இல்லாத சாமானைப் பற்றி. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாவிட்டால், அந்தப் பெட்டி ஞாபகச் சின்னம் இல்லை.

இந்த இடத்தில் இரண்டு மறுப்பு வரும். இரண்டும் நியாயமானவை.

ஒன்று, "எறிவது வீண்விரயம் இல்லையா? இப்பத்த விலைவாசியில ஒரு வாளி என்ன விலை?" என்பது. உண்மை. 2022இல் நாம் பட்ட கஷ்டத்துக்குப் பிறகு எதையும் எறியப் பயமாகத்தான் இருக்கிறது. கஷ்டப்படும் வீட்டில் ஒரு உடைந்த கதிரையைக் கட்டி வைத்துப் பாவித்தால் அது சிக்கனம். அதை யாரும் குறை சொல்லக் கூடாது. ஆனால் வீண்விரயம் என்பது எறிவதில் மாத்திரமா இருக்கிறது? நல்ல நிலையில் உள்ள மூன்று அரிசிச் சட்டியை நாம் பத்து வருடம் பூட்டிவைத்திருக்க, நாலு வீடு தள்ளிப் புதிதாகக் குடும்பம் தொடங்கிய பிள்ளை கடன்பட்டு அதே சட்டியை வாங்குகிறது என்றால், அதுவும் விரயம்தான். நாம் எறியச் சொல்லவில்லை. பாவிக்கிறவர் கைக்குப் போக வேண்டும் என்றுதான் சொல்கிறோம்.

மற்றது, "கிடக்கட்டும்கா, எதுக்காச்சும் உதவும்" என்பது. உதவட்டும். அதற்கு ஒரு தவணை வைத்துக்கொள்வோம். ஒரு மாரியும் ஒரு நோன்பும் ஒரு ஹஜ்ஜுப் பெருநாளும் கழிந்தும் ஒரு சாமானைத் தொடவில்லை என்றால், அது உதவாது. வருடத்தின் எல்லாத் தேவையும் அதற்குள் வந்துபோய்விட்டதே.

இனி வேலைக்கு வருவோம். ஒரே நாளில் முழு வீட்டையும் புரட்டத் தொடங்கினால் மத்தியானத்துக்குள் களைத்துப்போய், எல்லாவற்றையும் திரும்ப உள்ளே தள்ளிவிடுவோம். ஒக்டோபரில் நாலு சனிக்கிழமையாவது இருக்கிறது. காலை இரண்டு மணித்தியாலம் போதும்.

முதல் சனி, வளவும் கூரையும். பீலியில் உள்ள இலையை அள்ளுங்கள். தண்ணீர் தாங்கிக்கு மூடி இருக்கிறதா என்று பாருங்கள். சிரட்டை, டப்பா, டயர், உடைந்த விளையாட்டுச் சாமான் எல்லாம் ஒரு இடத்தில் குவியட்டும். வைத்துக்கொள்ளும் வாளிகளைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். வாசலில் உள்ள கானை நம் எல்லைவரை சுரண்டி விடுங்கள். கட்டி முடியாத மேல்மாடி இருந்தால் ஏறிப் பார்க்கத் தவற வேண்டாம்.

இரண்டாவது சனி, குசினியும் ஸ்டோர் அறையும். எல்லாவற்றையும் வெளியில் எடுத்து, பாவிப்பதை மாத்திரம் உள்ளே அனுப்புங்கள். கார்ட்போர்ட் பெட்டி ஈரத்தை உறிஞ்சும், கரப்பானும் எலியும் சேரும். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்கோ தகரப் பெட்டிக்கோ மாற்றுங்கள். அரிசி மூட்டை தரையில் இருக்கக் கூடாது. நாலு கல்லை வைத்து ஒரு பலகையைப் போட்டால் செலவு இல்லாமல் உயரம் கிடைத்துவிடும். மருந்துப் போத்தல்களின் திகதியைப் பாருங்கள்.

மூன்றாவது சனி, உடுப்பு அலுமாரி. பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன சீருடை, சப்பாத்து, பெருநாள் உடுப்பு. இவை அடுத்த பிள்ளைக்கு, அடுத்த வீட்டுக்கு, ஜனவரியில் பாடசாலைக்கு முதல் தடவை வரும் பிள்ளைக்கு உதவும். மாரியில் துணி காயாது, அலுமாரி நெருக்கமாக இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும், நெஞ்சு இழுப்பு உள்ள பிள்ளைக்கு அது இன்னும் கஷ்டம். காற்றுப் போக இடம் விட்டு அடுக்குங்கள்.

நாலாவது சனி, கடதாசி. இதற்கு வாப்பாவும் உம்மாவும் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார வேண்டும். உறுதி, பிறப்பு, திருமண, இறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைப் பிரதி, வங்கிப் புத்தகம், பரீட்சைப் பெறுபேறு, கிளினிக் கொப்பி. ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் நம்பிக்கையான சொந்தக்காரர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். மூலப் பிரதிகளை இறுக்கி மூடும் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு அலுமாரியின் மேல் தட்டில் வையுங்கள். தேநீர் செட் கீழே வரட்டும். இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் ஏறினால் எந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று வீட்டில் உள்ள பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். முடிந்துபோன வருடங்களின் டியுட், பழைய பரீட்சைத் தாள், கிழிந்த கொப்பி எல்லாவற்றையும் அன்றே பிரித்துவிடுங்கள். நல்ல பாடநூலும் வினாத்தாளும் அடுத்த வகுப்புப் பிள்ளைக்கு. மிச்சம் பழைய பேப்பர் வாங்குபவருக்கு.

இந்த வேலையை யார் செய்வது?

இதைச் சொல்லாமல் விட்டால் பதிவு முழுமை பெறாது. வீடு துப்புரவு என்றதும் நம் சமூகத்தில் ஒரே ஆளைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். உம்மா செய்வா, ராத்தா செய்வா. மகன் திண்ணையில் போனோடு இருப்பான். நபி (ஸல்) அவர்கள் தம் வீட்டு வேலைகளைத் தாமே செய்தார்கள், தம் செருப்பைத் தாமே தைத்தார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்திருப்பதை ஆண்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோமா? கூரையில் ஏறுவதும் பீலி அள்ளுவதும் கான் சுரண்டுவதும் டயர் உருட்டுவதும் பலம் வேண்டிய வேலை. பதினாறு வயது மகனுக்கு என்றே இருக்கும் வேலை. முதல் சனிக்கிழமையை ஆண்களே முழுதாகப் பொறுப்பெடுக்கட்டும். வெளியேற்றுவது எது என்று முடிவெடுக்கும் உரிமை, அந்தச் சாமானை இத்தனை வருடம் துடைத்துத் துடைத்து வைத்தவர்களிடம் இருக்கட்டும். உம்மாவிடம் கேட்காமல் உம்மாவின் சாமானை எறிய வேண்டாம்.

அடுத்த கேள்வி, வெளியேற்றும் சாமான் எங்கே போகும் என்பது. கவனமாக இருக்காவிட்டால் நம் வீட்டுக் குப்பை ஊர்க் குப்பையாக மாறும், அவ்வளவுதான். துப்புரவு செய்த சந்தோசத்தில் இரவோடு இரவாகத் தோணாவிலும் கானிலும் வெறும் வளவிலும் கொட்டிவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தோணா அடைபட்டால் வெள்ளம் முதலில் ஏறுவது நம் வீட்டுக்குள். அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பொலித்தீன் தின்று யானைகள் செத்துக் கிடந்த படங்களை 2022 ஜனவரியில் உலகமே பார்த்தது. எட்டு வருடத்தில் இருபது யானை அளவில் அங்கே செத்ததாகச் செய்தி வந்தது. அந்தப் பொலித்தீன் வானத்தில் இருந்து விழவில்லை. நம் மாவட்டத்து ஊர்களின் வீடுகளில் இருந்து போனது.

ஆகவே மூன்றாகப் பிரியுங்கள். பாவிக்கக்கூடியது கொடுப்பதற்கு. இரும்பு, போத்தல், பேப்பர், பிளாஸ்டிக் வாங்குபவருக்கு. மிச்சம் குப்பை வண்டிக்கு. கொடுக்கும் சாமானில் ஒரு கவனம் வேண்டும். சுனாமிக்குப் பிறகு நமக்கு வந்து குவிந்த துணிகளில் உடுக்கவே முடியாதவை எத்தனை இருந்தன என்று அந்தக் காலத்தவர்களைக் கேளுங்கள். வாங்கும் கையின் மரியாதையை நினைத்துக் கொடுக்க வேண்டும். கழுவி, பொத்தான் தைத்து, நாமே வாங்கினால் சந்தோசப்படுவோமா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். கிழிந்தது தரை துடைக்க உதவும், சதகாவுக்கு உதவாது.

பெரிய சாமானைத் தனி வீடுகளால் அகற்ற முடியாது என்பதும் உண்மை. உடைந்த மெத்தையையும் பழைய கொமட்டையும் வழமையான குப்பை வண்டி எடுக்காது. இங்கேதான் ஊர் சேர வேண்டும். பள்ளிவாசல் நிருவாகமும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் விளையாட்டுக் கழகங்களும் சேர்ந்து உள்ளூராட்சி சபையிடம் ஒரு கோரிக்கை வைக்கலாம். ஒக்டோபர் மாதத்தில் வட்டாரத்துக்கு ஒரு நாள், பெரிய சாமான் எடுக்க ஒரு ட்ரக்டர். முன்கூட்டியே திகதி அறிவித்தால் மக்கள் தயாராக இருப்பார்கள். டெங்கு வந்த பிறகு புகை அடிக்கச் செலவாகும் பணத்தோடு ஒப்பிட்டால் இந்த டீசல் காசு பெரிதில்லை. ஜும்ஆவில் ஒரு நிமிட அறிவித்தல் போதும்.

பாடசாலைகளுக்கும் இது பொருந்தும். வகுப்பறைக் கட்டடத்துக்குப் பின்னால் கால் உடைந்த மேசை கதிரை குவிந்து கிடக்காத பாடசாலை குறைவு. அரச சொத்து என்பதால் பொருட் கணக்கெடுப்பு முடிந்து அனுமதி வரும்வரை அவற்றை அகற்ற முடியாது. ஆனால் தண்ணீர் தேங்காமல் கவிழ்த்து அடுக்கவும், மேலே தகரம் போட்டு மூடவும் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. டெங்கு நுளம்பு பகலில்தான் கடிக்கும், அந்த நேரத்தில் பிள்ளைகள் நம் பொறுப்பில்தான் இருக்கிறார்கள். ஆசிரியர்களாகிய நாங்கள் ஒக்டோபரில் அந்த வேலையை முடித்துவிட்டுத்தான் பெற்றோரிடம் வளவைப் பற்றிப் பேச வேண்டும்.

வீடு ஷோகேஸ் மாதிரி மினுங்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் தரையில் நாலு விளையாட்டுச் சாமான் கிடக்கத்தான் செய்யும். நாம் கேட்பது சின்ன விஷயம். மழை வரும்போது வளவில் தண்ணீர் பிடிக்கும் பாத்திரம் இல்லாமல் இருக்கட்டும். தரையில் நனையும் பொருள் இல்லாமல் இருக்கட்டும். முக்கியமான கடதாசி ஒரே பெட்டியில், உயரத்தில் இருக்கட்டும். இந்த மூன்றும் இருந்தால் மாரியைப் பயமில்லாமல் வரவேற்கலாம். அது நம் வயலுக்கும் கிணற்றுக்கும் அல்லாஹ் தரும் ரஹ்மத் அல்லவா?

வருகிற சனிக்கிழமை முதல் சனிக்கிழமை. வீட்டுக்கு ஒரு ஆண்பிள்ளை பீலியில் கை வைத்தால் போதும், மற்றது தானாக நடக்கும். உங்கள் ஒழுங்கையில் தனியாக இருக்கும் வயதான பெண்கள், வாப்பா வெளிநாட்டில் உள்ள வீடுகள் இருந்தால், அந்த வளவையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அல்லாஹ் இந்த மாரியை நம் எல்லோருக்கும் பரக்கத்தான மாரியாக ஆக்குவானாக. ஆமீன்.